12 மாத ரெக்கார்டுகளை அழித்தும் டிஸ்க்கில் இடம் திரும்பவில்லை. இன்றிரவு வாக்கூம் ஃபுல் போடலாமா?

கதிர்_பின்தளம்:

எல்லோருக்கும் வணக்கம். நான் அடிப்படையில் பேக்எண்ட் டெவலப்பர். டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலை மாறிப் போய்விட்டதால் அது இப்போது என் தலையில். கேள்வி விவரம் தெரியாததாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 14. ஒரு பிரைமரி (முதன்மை சர்வர்), ஒரு ஸ்டாண்ட்பை (அதன் நகல் சர்வர்). பிரைமரியில் டேட்டாவுக்கு 500 ஜிபி டிஸ்க். எல்லாம் ஒரே டிஸ்க்கில்தான் இருக்கிறது. இதில் பெரிய டேபிள் ஒன்றே ஒன்று: பயனர் செய்யும் ஒவ்வொரு செயலையும் குறித்துவைக்கும் நிகழ்வு டேபிள். 18 மாத ரெக்கார்டுகள், சுமார் 60 கோடி. டேபிள் மட்டும் 140 ஜிபி, அதன் 4 இண்டெக்ஸ்கள் சேர்ந்து 70 ஜிபி, ஆக 210.

6 மாதத்துக்கு மேல் வைத்திருக்கத் தேவையில்லை என்று மேலிடத்தில் முடிவாகிவிட்டது. அதனால் பழைய 12 மாதத்தை அழித்தேன். ஒரேயடியாக இல்லை, 50,000 50,000 ஆக, இடையிடையே நிறுத்தி, இரவு நேரங்களில். 40 கோடி ரெக்கார்டுகள் போய்விட்டன. எண்ணிப் பார்த்தும் உறுதி செய்துகொண்டேன். பிறகு அந்த டேபிளுக்கு வாக்கூம் (அழித்ததைத் துப்புரவு செய்யும் கட்டளை) கொடுத்தேன், எந்தப் பிழையும் இல்லாமல் முடிந்தது.

ஆனால் டேபிள் அதே 210 ஜிபி. உண்மையில் கொஞ்சம் கூடியிருக்கிறது, தினமும் கூடிக்கொண்டே இருக்கிறது. அதைவிட வேடிக்கை, அழிக்கத் தொடங்கும்போது டிஸ்க்கில் 330 ஜிபி நிரம்பியிருந்தது; அழித்து முடித்தபோது 450! பிஜி_வால் ஃபோல்டர் மட்டும் 130 ஜிபி, உள்ளே எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கோப்புகள்.

இன்றிரவு செய்யலாம் என்று நினைப்பவை: முதலில் பிஜி_வாலில் கடைசி இரண்டு நாள் கோப்புகளை விட்டுவிட்டு மற்றதை அழிப்பது. அப்புறம் டேபிளுக்கு வாக்கூம் ஃபுல். இதில் ஏதாவது ஆபத்து உண்டா?


சட்டுபுட்டு:

சாதா வாக்கூம் இடத்தை ஓஎஸ்-இடம் திருப்பித் தராது, உள்ளுக்குள்ளேயே மறுபடி பயன்படுத்த வைத்துக்கொள்ளும். வாக்கூம் ஃபுல் போட்டால்தான் கோப்பு சுருங்கும். போடுங்கள், காலையில் சரியாகிவிடும்.


பழைய_டிபிஏ:

கதிர், இரண்டையும் செய்யாதீர்கள். முக்கியமாக பிஜி_வால் பக்கம் கையே வைக்காதீர்கள். வாக்கூம் ஃபுல் சொதப்பினால் ஓர் இரவு கெடும். பிஜி_வாலில் கை வைத்தால் டேட்டாபேஸே எழுந்திருக்காமல் போகலாம். அந்த 16 எம்பி கோப்புகள்தான் வால் (WAL), டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களின் பதிவு. பார்த்தால் பழைய லாக் மாதிரி தெரியும். ஆனால் சர்வர் திடீரென்று விழுந்தால் அவற்றைப் படித்துத்தான் மீண்டு வரும். எது தேவை, எது தேவையில்லை என்பது போஸ்ட்கிரெஸுக்குத் தெரியும். தேவையில்லாததை அதுவே அழிக்கும். அழிக்காமல் 130 ஜிபி சேர்த்து வைத்திருக்கிறதென்றால் யாரோ வைத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த யாரோவைக் கண்டுபிடிப்பதுதான் இன்றைக்கு உங்கள் வேலை.

சட்டுபுட்டு சொன்னது பொதுவாகச் சரியே. ஆனால் நீங்கள் எழுதியதில் ஒரு விஷயம் அதற்குள் அடங்கவில்லை. வாக்கூம் முடிந்த பிறகும் டேபிள் வளர்கிறது என்கிறீர்கள். போஸ்ட்கிரெஸில் டெலீட் கொடுத்தால் ரெக்கார்டு அந்த இடத்திலேயே கிடக்கும், "இன்ன டிரான்சாக்ஷன் என்னை அழித்தது" என்ற குறிப்போடு. அதற்கு முன்பே தொடங்கிய டிரான்சாக்ஷன் ஏதாவது இருந்தால் அதன் கண்ணுக்கு அது இன்னும் உயிரோடுதான் தெரிய வேண்டும். அப்படி யாருக்கும் தேவையில்லை என்றான பிறகு வாக்கூம் வந்து செத்ததை அகற்றி, அந்த இடத்தில் புதியதை எழுதலாம் என்று குறித்துவைக்கும். 40 கோடி அகன்றிருந்தால் புது ரெக்கார்டுகள் அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கும், கோப்பு ஒரு வருடத்துக்கு வளரவே கூடாது. வளர்கிறதென்றால் வாக்கூம் வந்தது, பார்த்தது, ஒன்றையும் தொட முடியாமல் திரும்பிப் போய்விட்டது. பிழை ஒன்றும் காட்டாது. அதன் கணக்கில் அது பிழை இல்லை.

இந்த நிலைமையில் வாக்கூம் ஃபுல் போட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். அது டேபிளைப் புதிதாக இன்னொரு கோப்பில் எழுதி, எல்லாம் முடிந்த பிறகுதான் பழையதைக் கைவிடும். உயிரோடு இருக்கும் 20 கோடியை மட்டும் எழுதினாலே டேபிளுக்கு 47, இண்டெக்ஸ்களுக்கு 23 என்று 70 ஜிபி வேண்டும். உங்களிடம் இருப்பது 50. அதோடு நிற்காது. யாருக்கோ தேவைப்படலாம் என்று நிறுத்திவைக்கப்பட்டிருக்கும் செத்த ரெக்கார்டுகளை வாக்கூம் ஃபுல்லும் தூக்கிப்போடாது, மரியாதையாகப் புதுக் கோப்புக்குக் கொண்டு போகும். அப்படியானால் 70 இல்லை, மறுபடியும் 200 சொச்சம். போதாததற்கு, புதிதாக எழுதுவது அத்தனையும் பிஜி_வாலிலும் பதிவாகும். அங்கிருந்துதான் எதுவும் வெளியே போவதில்லையே. எல்லாம் ஒரே டிஸ்க் என்கிறீர்கள். வாலுக்கு இடமில்லாமல் போனால் சர்வர் பேனிக் சொல்லிவிட்டு நின்றுவிடும். அதுவரை அந்த டேபிளில் ஒரு செலக்ட் கூட ஓடாது, முழுப் பூட்டு.

முதலில் டேபிளுக்கு வாக்கூம் வெர்போஸ் கொடுங்கள். வெளியே வரும் வரிகளில் "டெட் ரோ வெர்ஷன்ஸ் கேனாட் பி ரிமூவ்டு யெட்" என்று ஓர் எண்ணோடு வரும். பக்கத்திலேயே "ஓல்டஸ்ட் எக்ஸ்மின்" என்று இன்னோர் எண், அதாவது எந்த டிரான்சாக்ஷனிலிருந்து அழிக்கப்பட்டவற்றை இன்னும் அகற்றக் கூடாது என்ற எல்லை. முதல் எண் 40 கோடிக்குப் பக்கத்தில் இருந்தால் நான் சொன்னது சரி.

அடுத்தது அந்த எக்ஸ்மின்னைப் பிடித்துவைத்திருப்பது யார் என்று தேடுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் அதிகமில்லை. பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் எக்ஸ்ஆக்ட்_ஸ்டார்ட் மிகப் பழையதாக எது இருக்கிறது என்று பாருங்கள், குறிப்பாக "ஐடில் இன் டிரான்சாக்ஷன்" நிலையில் தூங்குபவை. பிறகு பிஜி_பிரிபேர்டு_எக்ஸ்ஆக்ட்ஸ், அது பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும். பிறகு பிஜி_ஸ்டாட்_ரெப்ளிகேஷன், பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் இரண்டும். எல்லாவற்றிலும் எக்ஸ்மின் நெடுவரிசைக்கு ஏஜ் ஃபங்க்ஷன் (எவ்வளவு பழையது என்று சொல்லும்) போட்டுப் பாருங்கள், வெறும் எண்ணைப் பார்த்து ஒன்றும் புரியாது. அப்படியே பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரையும் ஒரு பார்வை. வால் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்து வைக்கும் ஆர்க்கைவ் கமாண்ட் தோற்றுக்கொண்டிருந்தாலும் வால் இப்படிக் குவியும்.

டேபிள், வால் இரண்டுமே ஊதியிருப்பதால் என் சந்தேகம் ஸ்லாட்டின் மேல், அதாவது ஒரு ஸ்டாண்ட்பை எதுவரை வாங்கியிருக்கிறது என்று பிரைமரி வைத்திருக்கும் குறிப்பின் மேல். இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்து நிறுத்தக்கூடியது அது.


இன்னோ_ராஜா:

நான் மைஎஸ்கியூஎல் (இன்னொரு டேட்டாபேஸ்) ஆள். எங்கள் பக்கம் கதை கிட்டத்தட்ட இதேதான். அதன் இன்னோடிபியில் டெலீட் கொடுத்தாலும் டேபிள் இருக்கும் ஐபிடி கோப்பு சுருங்காது, ஆப்டிமைஸ் டேபிள் போட்டுத் திரும்ப எழுத வேண்டும். நீண்ட டிரான்சாக்ஷன் ஒன்று திறந்து கிடந்தால் துடைக்கக் காத்திருப்பவற்றின் கணக்கான ஹிஸ்டரி லிஸ்ட் லெங்த் ஏறிக்கொண்டே போகும், துடைக்கும் வேலையான பர்ஜ் நகராது. மாற்றங்களைப் பதியும் பின்லாக் மட்டும் கொஞ்சம் வசதி, 8.0-இல் எதையும் மாற்றாவிட்டால் 30 நாளில் தானாகவே அழிந்துவிடும்.


கதிர்_பின்தளம்:

நல்லவேளை கேட்டேன் சார். ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

வாக்கூம் வெர்போஸ் சொன்னது: நீக்கக்கூடியவை 0. செத்தும் இன்னும் நீக்க முடியாதவை 40 கோடியே 30 லட்சம்.

பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டியில் மிகப் பழைய டிரான்சாக்ஷனே இரண்டு நிமிடம்தான். பிரிபேர்டு ஒன்றும் இல்லை. ஆர்க்கைவரில் தோல்விக் கணக்கு 0.

ஸ்லாட்கள் இரண்டு இருக்கின்றன, இரண்டும் பிசிக்கல் வகை. ஸ்டாண்ட்பை_2 என்பது ஆக்டிவ். அதுதான் இப்போது ஓடும் எங்கள் ஸ்டாண்ட்பை. ஸ்டாண்ட்பை_1 என்பது ஆக்டிவ் இல்லை. அதன் எக்ஸ்மின் ஏஜ் 3 கோடியே 10 லட்சம். வால்_ஸ்டேட்டஸ் "எக்ஸ்டெண்டட்". ரீஸ்டார்ட்_எல்எஸ்என் (எந்த இடத்திலிருந்து வாலைப் பிடித்துவைத்திருக்கிறது என்பது) இப்போதைய இடத்திலிருந்து 128 ஜிபி பின்னால் நிற்கிறது.

விசாரித்ததில் போன மாதம் பழைய ஸ்டாண்ட்பை இயந்திரத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்திருக்கிறார்கள். பழையது இப்போது இல்லவே இல்லை, அழித்தாயிற்று. இல்லாத இயந்திரத்தால் எப்படிப் பிரச்சினை வர முடியும்?


பழைய_டிபிஏ:

சார் எல்லாம் வேண்டாம், அக்கா என்றே சொல்லுங்கள்.

கிடைத்துவிட்டது. இயந்திரம் போய்விட்டது, ஸ்லாட் போகவில்லை. ஸ்லாட் இருப்பது பிரைமரியில். ஸ்டாண்ட்பையை அணைத்தாலும், உடைத்து எறிந்தாலும், அதற்கு எதுவும் தெரியாது. வீட்டைக் காலி செய்தவர் சாவியைத் திருப்பித் தராமல் போய்விட்டார், வீட்டுக்காரர் இன்னும் அவருக்காக அறையைப் பூட்டி வைத்திருக்கிறார். "ஸ்டாண்ட்பை_1 கடைசியாக இதுவரை வாங்கியது, திரும்பி வந்தால் மிச்சத்தைக் கொடுக்க வேண்டும்" என்று பிரைமரி ஒவ்வொரு வால் கோப்பையும் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் 128 ஜிபி அதுதான்.

எக்ஸ்மின் எப்படி வந்தது என்றால், பழைய ஸ்டாண்ட்பையில் ஹாட்_ஸ்டாண்ட்பை_ஃபீட்பேக் ஆன் செய்யப்பட்டிருந்திருக்கும். ஸ்டாண்ட்பையில் ஓடும் ரிப்போர்ட்கள் பாதியில் அறுபடாமல் இருக்க அது உதவும். "என்னிடம் இவ்வளவு பழைய கேள்வி ஒன்று ஓடுகிறது, அதற்கு வேண்டியதை அகற்றாதே" என்று பிரைமரிக்குச் சொல்லும். ஸ்லாட் இல்லாமல் இருந்திருந்தால் தொடர்பு அறுந்ததும் அந்தக் கோரிக்கையும் போயிருக்கும். ஸ்லாட் இருப்பதால் கடைசியாகச் சொன்னது அப்படியே பதிவாகி நிற்கிறது. நீங்கள் அழித்த 40 கோடியும் அந்தத் தேதிக்குப் பிறகு அழிக்கப்பட்டவை. அதனால்தான் ஒன்றுகூட அகலவில்லை.

அழிக்க அழிக்க ஏன் நிரம்பியது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு டெலீட்டும் வாலில் ஒரு குறிப்பு எழுதும். அதைவிடப் பெரிய செலவு இன்னொன்று: ஒரு செக்பாயிண்டுக்கு (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டேட்டா கோப்புகளில் எழுதி முடிக்கும் கட்டம்) பிறகு ஒரு பக்கத்தை முதல்முறை தொடும்போது அந்த 8 கேபி பக்கம் முழுதாகவே வாலுக்குள் போகும். எழுதும்போது மின்சாரம் போய்ப் பக்கம் பாதியாகிவிட்டால் மீட்பதற்கு. 140 ஜிபி டேபிளில் மூன்றில் இரண்டு பங்குப் பக்கங்களைத் தொட்டிருக்கிறீர்கள், அதுவே 90 ஜிபிக்கு மேல். வழக்கமான நாட்களில் அது எழுதப்பட்டு, ஸ்டாண்ட்பைக்குப் போய், அழிந்துபோயிருக்கும். உங்களுக்குத் தெரிந்தே இருக்காது.

இனி செய்ய வேண்டியது. ஸ்டாண்ட்பை_1 என்ற ஸ்லாட்டை வேறு எதுவும் பயன்படுத்தவில்லை என்று இன்னொரு முறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கப் கருவிகள் சில தங்களுக்கென்று ஸ்லாட் வைத்துக்கொள்வது உண்டு, பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அப்புறம் பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் ஃபங்க்ஷனுக்கு அந்தப் பெயரைக் கொடுங்கள். பயத்தில் கை நடுங்கிப் பெயரை மாற்றிக் கொடுத்தாலும், ஆக்டிவாக இருக்கும் ஸ்லாட்டை அது அழிக்க மறுத்துவிடும். பிறகு கையாலேயே ஒரு செக்பாயிண்ட். பிஜி_வால் அப்போதுதான் இறங்கும்.

இடம் கிடைத்த பிறகு வாக்கூம். இங்கே ஓர் அமைப்பை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். வாக்கூம் செத்த ரெக்கார்டுகளின் முகவரிகளை நினைவகத்தில் சேர்த்துக்கொள்ளும், ஒன்றுக்கு 6 பைட். மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் தொடக்க அளவான 64 எம்பியிலேயே இருந்தால் ஒரு தடவைக்கு 1.1 கோடி முகவரிகள்தான் கொள்ளும். நிரம்பியதும் நிறுத்திவிட்டு 4 இண்டெக்ஸ்களையும் முழுதாகப் படித்துத் துடைக்கும், பிறகு மறுபடி சேர்க்கத் தொடங்கும். 40 கோடிக்கு 70 ஜிபி இண்டெக்ஸை 36, 37 தடவை படிக்க வேண்டிவரும். அந்த செஷனில் மட்டும் 1 ஜிபி என்று வைத்தால் ஒரு தடவைக்கு கிட்டத்தட்ட 18 கோடி, மூன்றே சுற்றில் முடியும். 1 ஜிபிக்கு மேல் கொடுத்துப் பயனில்லை, அந்த உச்சவரம்பு போனது பதிப்பு 17-இல்தான்.

கடைசியாக ஒன்று, இதைச் சொன்னால் கோபம் வரலாம். வாக்கூம் நன்றாக முடிந்தாலும் டேபிள் 140 ஜிபியாகவேதான் இருக்கும். கோப்பின் கடைசியில் காலிப் பக்கங்கள் இருந்தால் மட்டும் அதை வெட்டி ஓஎஸ்-இடம் கொடுக்கும். உங்கள் டேபிளில் பழையது முன்னால், புதியது கடைசியில். முன்பாதி முழுக்கக் காலியானாலும் கடைசிப் பக்கத்தில் நேற்றைய ரெக்கார்டு உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெட்ட ஒன்றுமில்லை. பரவாயில்லை, விடுங்கள். 18 மாதத்துக்கு 210 ஜிபி என்றால் மாதம் 12 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இனி மாதாமாதம் பழையதை அழித்துக்கொண்டு வந்தால் இந்தப் பள்ளம் நிரம்பவே நிரம்பாது. அது வீணாகக் கிடக்கும் இடம் இல்லை, உங்கள் டேபிள் ஏற்கனவே முன்பதிவு செய்துவைத்த இடம். இவ்வளவு அழித்தும் கிராஃபில் கோடு ஏன் இறங்கவில்லை என்று மீட்டிங்கில் யாராவது கேட்பார்கள். இனி ஏறாது என்று சொல்லுங்கள்.


மூன்றாம்_ஷிஃப்ட்:

அக்கா சொன்னதோடு இரண்டு விஷயம்.

ஒன்று, மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ் என்ற அமைப்பு பதிப்பு 13-இலேயே வந்துவிட்டது. தொடக்க மதிப்பு -1, அதாவது வரம்பே இல்லை. அதை 60 ஜிபி மாதிரி ஒன்று வைத்திருந்தால் கைவிடப்பட்ட ஸ்லாட் ஒரு கட்டத்தில் தானாகவே செல்லாததாகியிருக்கும், பிரைமரி பிழைத்திருக்கும்.

இரண்டு, இடம் கட்டாயம் வேண்டுமென்றால் டேபிளைத் திரும்ப எழுதிச் சுருக்கும் பிஜி_ரீபேக் இருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் கொஞ்ச நேரம் முழுப் பூட்டு, நடுவில் டேபிள் வழக்கம்போல ஓடும். பிரைமரி கீ இருந்தால் போதும். நாங்கள் பெரிய டேபிளுக்கெல்லாம் அதுதான் செய்கிறோம்.

இதைத் தேடி வரும் மற்றவர்களுக்கு ஒரு குறிப்பு. கைவிடப்பட்டது லாஜிக்கல் ஸ்லாட் (மாற்றங்களை ரெக்கார்டு ரெக்கார்டாக வெளியே அனுப்பும் வகை) என்றால் அது பிடித்துவைப்பது கேடலாக்_எக்ஸ்மின். சிஸ்டம் டேபிள்கள் ஊதும், வால் குவியும், ஆனால் உங்கள் சொந்த டேபிளின் செத்த ரெக்கார்டுகளை அது தடுக்காது. லாஜிக்கல் ஸ்லாட்டைக் கண்டுபிடித்து அழித்துவிட்டு, டேபிள் இன்னும் சுத்தமாகவில்லையே என்று குழம்புபவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பழைய_டிபிஏ:

லாஜிக்கல் ஸ்லாட் விஷயம் நல்ல குறிப்பு, நான் விட்டுவிட்டேன்.

வரம்பு வைப்பதில் எனக்கும் சம்மதம்தான், அதன் விலை தெரிந்து வைக்க வேண்டும். ஸ்டாண்ட்பை நீண்ட நேரம் துண்டிக்கப்பட்டு வரம்பைத் தாண்டினால் ஸ்லாட் "லாஸ்ட்" ஆகிவிடும். ஆர்க்கைவில் வால் இல்லையென்றால் ஸ்டாண்ட்பையை முதலிலிருந்து கட்ட வேண்டும். பிரைமரி விழுவதைவிட அது எவ்வளவோ மேல். எண் எவ்வளவு என்பதைப் பரபரப்பான ஒரு நாளில் எவ்வளவு வால் உருவாகிறது என்று அளந்து பார்த்து வையுங்கள். கதிர் மாதிரி மொத்தமாக அழிக்கும் நாளையும் கணக்கில் சேர்த்து.

பிஜி_ரீபேக் பற்றி: நல்ல கருவி, இங்கே தேவையில்லை என்பது என் கருத்து. டேபிள், இண்டெக்ஸ் எல்லாவற்றுக்கும் இன்னொரு பிரதி எழுத இடம் வேண்டும், வாலும் ஏறும், ஸ்டாண்ட்பை மூச்சுத் திணறும். எல்லாம் எதற்கு? அடுத்த வருடம் எப்படியும் தேவைப்படப்போகும் இடத்தை இன்றைக்கு ஓஎஸ்-இடம் கொடுத்துவிட்டு, மறுபடி ஒவ்வொரு பக்கமாகக் கேட்டு வாங்க.

அந்த உழைப்பை நான் பார்ட்டிஷனில் போடுவேன். அதாவது டேபிளைத் துண்டுகளாகப் பிரிப்பது, மாதத்துக்கு ஒரு பார்ட்டிஷன். 6 மாதம் கழிந்ததும் டெலீட்டே வேண்டாம், அந்தப் பார்ட்டிஷனைப் பிரித்து டிராப் செய்தால் கோப்பே போய்விடும். செத்த ரெக்கார்டு இல்லை, வாக்கூம் இல்லை, வாலிலும் ஒரு துளிதான். இருக்கும் டேபிளை நேரடியாக பார்ட்டிஷன் டேபிளாக மாற்ற முடியாது. புதிதாக ஒரு தாய் டேபிள் உருவாக்கி, இந்தப் பழையதை "இன்ன தேதி வரை" என்ற ஒரே பெரிய பார்ட்டிஷனாக ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் அதே தேதி வரம்பை செக் கன்ஸ்ட்ரெயிண்ட் (ரெக்கார்டுகள் மீறக் கூடாத நிபந்தனை) ஆக, இருப்பதை இப்போது சரிபார்க்காதபடி நாட் வேலிட் என்று சேர்த்து, பிறகு தனியாக வேலிடேட் செய்துவிடுங்கள். அப்போது ஒட்டும் நேரத்தில் 140 ஜிபியையும் உட்கார்ந்து படிக்காது. பிரைமரி கீயில் தேதி நெடுவரிசையும் இருந்தாக வேண்டும். ஐடி மட்டும் வைத்து ஓடும் பழைய கோடு எங்கெங்கே இருக்கிறது என்று தேடுவதுதான் இதில் சள்ளைபிடித்த வேலை. ஆறு மாதம் கழித்து அந்தப் பெரிய பழைய பார்ட்டிஷன் முழுதாகவே டிராப் ஆகும். உங்கள் 140 ஜிபி அன்றைக்கு ஓஎஸ்-இடம் தானாகத் திரும்பும்.


கதிர்_பின்தளம்:

அக்கா, ஸ்லாட்டை எடுத்தாயிற்று. செக்பாயிண்ட் கொடுத்ததும் பிஜி_வால் 130-லிருந்து 2 ஜிபிக்கும் கீழே வந்துவிட்டது. டிஸ்க் 322. அலாரம் அணைந்தது, எல்லோரும் நான் ஏதோ மந்திரம் போட்டதாக நினைக்கிறார்கள்.

மெயின்டனன்ஸ்_வொர்க்_மெம் 1 ஜிபி வைத்து வாக்கூம் ஓடிமுடிந்தது. நீக்க முடியாத செத்தவை இப்போது சில ஆயிரம்தான். நீங்கள் சொன்னது போலவே டேபிள் இம்மியும் குறையவில்லை, ஆனால் அதற்குப் பிறகு வளரவும் இல்லை.

பார்ட்டிஷன் அடுத்த மாதத் திட்டத்தில் போட்டிருக்கிறேன். இண்டெக்ஸ்கள் மட்டும் உறுத்துகின்றன. 20 கோடிக்கு 70 ஜிபி அதிகமில்லையா? ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி என்று படித்தேன், இண்டெக்ஸைப் புதிதாகக் கட்டுமாம், பூட்டு இல்லாமல் செய்யுமாம். ஒவ்வொன்றாகச் செய்யலாம்தானே?


பழைய_டிபிஏ:

செய்யலாம், இண்டெக்ஸில் இடம் உண்மையாகவே திரும்பக் கிடைக்கும். தேதி இண்டெக்ஸ் பரவாயில்லை, அதில் காலியான பக்கங்கள் முழுதாகக் காலியாகும், அதுவே எடுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். பயனர் ஐடி மாதிரியான மற்றவற்றில் ஒவ்வொரு பக்கத்திலும் கொஞ்சம் கொஞ்சம் ஓட்டை விழுந்து கிடக்கும். அவைதான் நன்றாகச் சுருங்கும்.

ஆனால் தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வி. 14 என்றீர்கள். 14-க்குப் பின்னால் புள்ளி வைத்து என்ன எண்?


கதிர்_பின்தளம்:

14.2. நிறுவியதிலிருந்து அப்படியேதான் இருக்கிறதாம். அதனால் என்ன அக்கா?


பழைய_டிபிஏ:

கேட்டது நல்லதாயிற்று. 14.0 முதல் 14.3 வரை, கிரியேட் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி, ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி இரண்டிலும் ஒரு பிழை இருந்தது. இண்டெக்ஸ் கட்டப்படும் நேரத்தில் டேபிளில் மாற்றங்கள் நடந்தால் சில ரெக்கார்டுகள் இண்டெக்ஸில் விடுபட்டுப் போகும். எந்த எச்சரிக்கையும் வராது. டேபிளில் இருக்கும் ரெக்கார்டு இண்டெக்ஸ் வழியாகத் தேடினால் கிடைக்காது, அவ்வளவுதான். 2022 ஜூனில் 14.4 வெளியிட்டு இதைச் சரி செய்தார்கள்.

முதலில் 14-இன் கடைசிச் சிறுபதிப்புக்குப் போங்கள். அதற்கு டேட்டாவை எடுத்து வைத்து ஏற்றுவதெல்லாம் கிடையாது, பேக்கேஜை மாற்றி ஒரு ரீஸ்டார்ட், ஸ்டாண்ட்பையை முதலில். 14-க்கு ஆதரவே 2026 நவம்பரோடு முடிகிறது, அதனால் பெரிய பதிப்பு மாற்றத்துக்கும் தேதி குறித்துவிடுங்கள். அது தனி வேலை, இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

14.2-இல் ஏற்கனவே யாராவது கன்கரண்ட்லி போட்டு இண்டெக்ஸ் கட்டியிருக்கலாம். அதனால் மேம்படுத்திய கையோடு பிஜி_ஆம்செக்கை ஹீப்ஆல்இண்டெக்ஸ்டு தேர்வோடு ஓட்டிப் பாருங்கள். டேபிளில் உள்ளது ஒவ்வொன்றும் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று சரிபார்க்கும். நேரம் எடுக்கும், டிஸ்க்கைப் படுத்தும். ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில் ஓட்டுங்கள்.


கதிர்_பின்தளம்:

மேம்படுத்திவிட்டேன். ஆம்செக் ஓட்டினேன், அதிர்ஷ்டவசமாக எதுவும் கெட்டிருக்கவில்லை.

ரீஇண்டெக்ஸில் மூன்று முடிந்தது, மொத்தம் 70-லிருந்து 35-க்கு வந்திருக்கிறது. நான்காவது மட்டும் ஒரு கட்டத்தில் நகரவே இல்லை. சிபியு இல்லை, டிஸ்க் அசைவு இல்லை, சும்மா நின்றது. பொறுமை போய் கண்ட்ரோல்-சி கொடுத்துவிட்டேன். இப்போது அதே பெயரோடு "_சிசிநியூ" என்று ஒட்டிக்கொண்டு புது இண்டெக்ஸ் ஒன்று தெரிகிறது, 5 ஜிபி. பழையதும் இருக்கிறது. அழித்தால் ஏதாவது கெடுமா?


மூன்றாம்_ஷிஃப்ட்:

கெடாது. பாதியில் நின்ற ரீஇண்டெக்ஸின் மிச்சம் அது. செல்லாத இண்டெக்ஸ் என்று குறிக்கப்பட்டிருக்கும், பிஜி_இண்டெக்ஸில் இண்டிஸ்வேலிட் பொய் என்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தேடலுக்கு அதை யாரும் பயன்படுத்துவதில்லை, ஆனால் புதிதாக எழுதும் ஒவ்வொன்றையும் அதிலும் எழுதிக்கொண்டிருக்கலாம், அதனால் விட்டுவைக்காதீர்கள். டிராப் இண்டெக்ஸ் கன்கரண்ட்லி கொடுத்து எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பின்னால் "_சிசிநியூ" என்று இருப்பதை எடுத்தால் போதும். "_சிசிஓல்ட்" என்று முடிவது ஏதாவது இருந்தால் அதுவும் மிச்சம்தான், அது பழைய இண்டெக்ஸ், மாற்றி முடித்துத் தூக்கிப்போடாமல் நின்றது.


பழைய_டிபிஏ:

நின்றதற்குக் காரணம் பெரும்பாலும் பிஜி_டம்ப். ரீஇண்டெக்ஸ் கன்கரண்ட்லி தனக்கு முன்பே தொடங்கிய டிரான்சாக்ஷன்கள் முடியும்வரை காத்திருக்கும். பேக்கப் எடுக்கும் டம்ப் முழுவதும் ஒரே டிரான்சாக்ஷன். நீங்கள் தொடங்கிய நேரத்தில் அது ஓடிக்கொண்டிருந்ததா என்று பாருங்கள். பிஜி_ஸ்டாட்_பிராக்ரஸ்_கிரியேட்_இண்டெக்ஸ் என்ற வியூவில் "வெயிட்டிங்" என்று தொடங்கும் ஏதாவது ஒரு கட்டம் தெரியும், யாருக்காகக் காத்திருக்கிறது என்ற பிஐடியும் (ப்ராசஸ் எண்) அதிலேயே கரண்ட்_லாக்கர்_பிஐடி என்று வரும்.


கதிர்_பின்தளம்:

அதே நேரம்தான், டம்ப் ஒன்றரை மணிக்குத் தொடங்குகிறது, நான் ஒன்றே முக்காலுக்குத் தொடங்கியிருக்கிறேன். மிச்சத்தை எடுத்துவிட்டேன். நாளை டம்ப் முடிந்த பிறகு நான்காவதை ஓட்டுகிறேன். ஸ்லாட்களில் ஆக்டிவ் இல்லாதது ஏதாவது ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்தால் எனக்கு மெயில் வரும்படி வைத்துவிட்டேன்.